மலைக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வும் கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் படகர் ஊர்களான ஹட்டிகளிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லைன்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளான பாடிகளிலும் சிறப்புப் பயிற்றுநராகச் சென்று வந்த ஆண்டுகளில், ஒரே ஐயங்களைப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அதிலிருந்து தொகுத்ததே இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். சமவெளிக்காக எழுதப்பட்ட கையேடுகள் சமதளச் சாலையும் அடிக்கடி வரும் பேருந்தும் இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. பந்தலூரிலிருந்தோ குந்தாவிலிருந்தோ ஊட்டிக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே எதை வீட்டிலேயே செய்யலாம், எதற்குக் கட்டாயம் பயணம் போக வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்வதில் கவனம் வைத்திருக்கிறேன்.

"பொண்ணுக்குக் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். இதெல்லாமா ஊனத்துல சேரும்?"

சேரும். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகளே இருந்தன. கை கால் முடக்கம், பார்வையின்மை, காது கேளாமை ஆகியவற்றுடன் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, மனநோய், பார்கின்சன் நோய் போன்றவையும், இரத்தக் கோளாறுகளான ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகியவையும் இப்போது பட்டியலில் உள்ளன.

மந்தமாகக் கேட்கும் பிள்ளை வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து பாதியை மட்டுமே கேட்டு, "படிப்பு ஏறாதவள்" என்று பெயர் வாங்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்கு வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயர் சூட்டிவிடுவார்களோ என்று கூச்சப்பட்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

"பையனுக்கு ரெண்டு வயசாகுது, இன்னும் உட்காரலை. வளர வளர சரியாயிடும்னு பெரியவங்க சொல்றாங்க. காத்திருக்கலாமா?"

காத்திருக்கக் கூடாது. இந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நான்கைந்து மாதத்தில் தலை நிற்க வேண்டும்; ஒன்பது மாதத்துக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும்; ஒன்றரை வயதுக்குள் நடையும் ஓரிரு சொற்களும் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் இரண்டு வயதில் உட்காராத பிள்ளையை அன்றே காட்ட வேண்டும். மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான் என்பதால், அப்போது கொடுக்கும் பயிற்சிக்கு நிகராகப் பத்து வயதில் எதையும் கொடுத்துவிட முடியாது. தசைகளும் அப்படியே: இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்வது எளிது, இறுகியதை நீட்டுவது பெரும்பாடு.

பாதம் உள்பக்கம் வளைந்து பிறக்கும் குழந்தைகளைப் பாருங்கள். பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கினால், வாரம் ஒருமுறை மாற்றும் மாவுக்கட்டுகளாலும், பெரும்பாலும் குதிகால் தசைநாணில் செய்யும் ஒரு சிறு கீறலாலும் பாதம் நேராகிவிடும். அதன் பிறகு சிறப்புக் காலணியை முதல் மூன்று மாதங்கள் ஏறக்குறைய நாள் முழுவதும், பின்னர் நான்கு வயது வரை இரவில் அணிவிக்க வேண்டும். கால் நேராகிவிட்டதே என்று பாதியில் அந்தக் காலணியைக் கழற்றி வைத்த வீடுகளில்தான் வளைவு திரும்பி வந்திருக்கிறது. கோவிலில் நேர்ந்துகொள்வது உங்கள் நம்பிக்கை. மாவுக்கட்டுக்குப் போகும் வாரத்தை அதற்காகத் தவறவிடாதீர்கள்.

"அப்போ முதல்ல எங்கே போறது?"

உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ சொல்லுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதிக்கும் மருத்துவக் குழு ஒன்று வட்டாரந்தோறும் உண்டு. அவர்கள் சந்தேகப்படும் குழந்தையை குறைபாட்டைச் சிறு வயதிலேயே கண்டு பயிற்சி தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் நேரே பேசலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என நான்கு வட்டாரங்களிலும் வள மையம் உண்டு.

"சர்டிஃபிகேட் இருந்தாத்தான் தெரபி கொடுப்பாங்களா?"

இல்லை. பயிற்சிக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் சான்றிதழ் முன்நிபந்தனை அல்ல. உதவித்தொகை, பயணச் சலுகை, இடஒதுக்கீடு ஆகியவற்றுக்கே அது தேவை. சான்றிதழ் வரட்டும் என்று பயிற்சியை ஆறு மாதம் நிறுத்தி வைத்த தாய் ஒருவரை அறிவேன். அவரிடம் யாரோ தவறாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

"அந்தச் சர்டிஃபிகேட்டையும் அடையாள அட்டையையும் எப்படி வாங்குறது? ஒவ்வொரு தடவையும் ஊட்டிக்கு அலைய முடியலை."

2021 ஜூன் முதல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு இணையவழி விண்ணப்பம் கட்டாயமாகிவிட்டது. தனித்துவ அடையாள அட்டைக்கான தேசிய இணையதளத்தில், ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொண்டு பதிய வேண்டும். கைப்பேசியில் சிரமமாக இருந்தால் இ-சேவை மையத்தில் செய்து கொடுப்பார்கள். பிறகு உரிய சிறப்பு மருத்துவர் நேரில் பரிசோதித்துக் குறைபாடு எத்தனை சதவீதம் என்று குறித்துத் தருவார். 18 இலக்க எண்ணுடன் வரும் அட்டை, 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளைப் பட்டையும், 40 முதல் 79 வரை மஞ்சளும், 80-உம் அதற்கு மேலும் என்றால் நீலமும் கொண்டிருக்கும்.

அலைச்சலைக் குறைக்க ஒரு வழி உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் பள்ளிக் கல்வித் துறையும் வட்டார அளவில் மருத்துவ முகாம்களை நடத்துகின்றன. எலும்பு, காது, கண், மனநலம் ஆகிய மருத்துவர்கள் ஒரே நாளில் உட்காரும் அந்த முகாம் தேதியை வள மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால், நான்கு பயணங்கள் ஒன்றாகும். பழைய மருத்துவச் சீட்டுகள், ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மழையில் நனைந்து எழுத்து கலைந்த சீட்டுடன் வந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழே தருவார்கள் என்பதால், அதிலுள்ள முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

"முப்பத்தஞ்சு சதவீதம்னு போட்டுட்டாங்க. இனி ஒண்ணும் கிடைக்காதா?"

இடஒதுக்கீட்டுக்கும் பெரும்பாலான உதவித்தொகைகளுக்கும் 40 சதவீதமே வரம்பு. மதிப்பீடு தவறு என்று நீங்கள் கருதினால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். பிள்ளையின் நிலை பின்னர் மோசமானால் மறுமதிப்பீடும் கேட்கலாம்.

ஆனால் 40-க்குக் கீழே இருந்தால் எல்லாக் கதவும் அடைபட்டுவிடுகிறது என்பது சரியல்ல. எழுதச் சிரமப்படும் ஒருவருக்கு 40 சதவீதம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி, தேர்வில் சொல்வதை எழுதுபவரின் உதவியை மறுக்கக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வகுப்பறையில் முன் வரிசை இடம், பெரிய எழுத்து, கூடுதல் நேரம் போன்ற உதவிகள் சதவீதத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுபவை அல்ல.

"எங்க ஸ்கூல்ல வசதி இல்லை, வேற எங்கேயாவது சேருங்கன்னு சொல்லிட்டாங்க. என்ன பண்றது?"

அப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இதில் அடங்கும். 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைகளுக்கு, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 31-ஆம் பிரிவு தருகிறது.

நடைமுறையில், சண்டையாகத் தொடங்காமல் சிறப்புப் பயிற்றுநரை உடன் அழைத்துச் சென்று தலைமையாசிரியரிடம் பேசுவதே எனக்குப் பலன் தந்திருக்கிறது. பெரும்பாலும் மறுப்புக்குப் பின்னால் இருப்பது அச்சம்: வலிப்பு வந்தால் என்ன செய்வது, கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவது என்ற அச்சம். அதற்கு விடை கிடைத்ததும் பலர் இறங்கி வருகிறார்கள். அப்படியும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடமும், தேவைப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் மனு கொடுக்கலாம்.

"ஊர்ப் பள்ளிக்கூடமா, கோயம்புத்தூர்ல விடுதியோட இருக்கிற சிறப்புப் பள்ளியா? எது நல்லது?"

பிள்ளைக்குப் பிள்ளை விடை மாறும். முழுமையாகக் காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி பேசும் நண்பர்கள் வேண்டும். அது ஊரில் கிடைக்காது என்றால் சிறப்புப் பள்ளியே அவளுடைய மொழியின் வீடாகலாம். பார்வையற்ற பிள்ளை சில ஆண்டுகள் சிறப்புப் பள்ளியில் பிரெய்லும் தனியே நடமாடும் பழக்கமும் கற்றுக்கொண்டு, பிறகு ஊர்ப் பள்ளிக்குத் திரும்பலாம். அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ உள்ள சிறு பிள்ளையை, தாயைப் பிரித்துத் தொலைவில் விடுவதற்கு நான் தயங்குவேன். அண்ணன் படிக்கும் பள்ளி, தெரிந்த முகங்கள், மதியம் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடும் சத்துணவு ஆகியவை அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாடங்கள்.

"வீட்டிலேர்ந்து ரோட்டுக்கு வரவே நாப்பது படி. மழையில தூக்கிட்டுப் போக முடியாது. டீச்சர் வீட்டுக்கு வருவாங்களா?"

வருவார்கள். கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று 2012-இல் திருத்தப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிள்ளையின் பெயர் அருகிலுள்ள பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்கும். சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வீட்டிலோ வள மையத்திலோ பார்ப்பார்.

டீச்சர் வந்து ஒரு மணி நேரத்தில் என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும் என்று சிலர் கேட்பதுண்டு. கோத்தகிரி பக்கம் ஒரு லைன் வீட்டில், ஒன்பது வயதுச் சிறுமிக்காகப் பாட அட்டைகளுடன் போயிருந்தேன். அவள் அட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாட்டி அடுப்படியில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். சிறுமியின் கண் முழுவதும் அங்கே இருந்தது. அட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டு அவளைப் பாட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தோம். பாட்டி தோலைப் பிளந்து கொடுத்தார். அவள் கட்டை விரலால் மணியைத் தள்ளினாள். முதல் நாள் மூன்று தோல். மழைக்காலம் முடிவதற்குள் பட்டாணியை ஐந்து ஐந்தாகத் தம்ளரில் போடவும், காரட்டில் பெரியது எது சிறியது எது என்று பிரிக்கவும் பழகினாள். கற்பித்தது பாட்டிதான். பயிற்றுநர் வரும் ஒரு மணி நேரம், மற்ற நாட்களில் வீட்டார் செய்ய வேண்டியதைக் காட்டிக் கொடுப்பதற்காக. ஆகையால் அவர் வரும்போது டீ போடப் போய்விடாமல் கூடவே உட்காருங்கள்.

"பிசியோதெரபி மாசத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்குது. அது போதுமா?"

போதாது. ஆனால் முந்தைய விடையில் சொன்ன முறை இதற்கும் பொருந்தும்: மருத்துவர் காட்டியதைத் தினமும் வீட்டில் செய்தால் மாதம் ஒருமுறை வழிகாட்டுதலே பெரிய துணை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே தரப்படுகிறது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவர்களுக்கும் இதைக் கேளுங்கள்.

உட்கார முடியாத பிள்ளைக்கு விலையுயர்ந்த நாற்காலி வரும்வரை வீட்டின் மூலையே போதும். இரு சுவர்கள் சேரும் இடத்தில் முதுகு ஒட்டும்படி உட்கார வைத்து, கால்களை அகட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய கம்பளியை வைத்து, எதிரில் ஒரு முக்காலியைப் போடுங்கள். சாப்பாட்டை இந்த நிலையில்தான் ஊட்ட வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நெஞ்சுச் சளியாக மாறும். குளிர் அடிக்கும் மாதங்களில் இந்தப் பிள்ளைகள் அடிக்கடி சளியில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"மூணு சக்கர வண்டி கொடுத்தாங்க. மேட்டுல ஏறவே மாட்டேங்குது, கோழிக்கூடு மாதிரி கிடக்குது. என்ன செய்யலாம்?"

கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டி சமவெளிக்கு ஏற்றது. நம் ஏற்ற இறக்கத்தில் அது தோளையும் கெடுத்து ஆபத்தையும் தரும். முகாமில் கொடுப்பதை வாங்கிக்கொள்வதற்கு முன் உங்கள் வீட்டுப் பாதையை அங்குள்ள நிபுணரிடம் விவரியுங்கள். படிகளே அதிகம் என்றால் ஊன்றுகோலோ வாக்கரோ, படியோரம் ஒரு கைப்பிடிக் குழாயோ பயனாக இருக்கும். கைப்பிடிக் குழாய்க்குக் கிராம சபையில் மனு கொடுக்கலாம். மத்திய அரசின் உபகரணத் திட்டத்தில் அதே தேவைக்கு மறுபடி உதவி பெற மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும் (12 வயதுக்குட்பட்டவருக்கு ஓராண்டு) என்பதால், தவறான பொருளை வாங்கினால் இழப்பு உங்களுக்கே.

சாய்தளம் கட்டுவதாக இருந்தால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. சக்கர நாற்காலியைச் செங்குத்தான இறக்கத்தில் எப்போதும் பின்புறமாகவே இறக்க வேண்டும். முன்புறமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் குப்புற விழுவார்.

"காது மெஷின் ரெண்டு மாசத்துல கெட்டுப்போச்சு. மழைக்காலத்துல இப்படித்தான் ஆகுமா?"

மூடுபனியின் ஈரம்தான் காரணமாக இருக்கும். இரவில் கருவியைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, இறுக மூடும் சிறு டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். அடுப்பருகில் காய வைக்கக் கூடாது. காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் அச்சை மாற்ற வேண்டும். கருவி கீச்சென்று ஒலித்தால் பெரும்பாலும் அச்சு தளர்ந்துவிட்டது என்று பொருள்.

கருவியாலும் கேட்காத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை கிடைக்கிறது. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கும். அந்தப் பயணத்துக்கு ஆள் உண்டா என்று முன்பே குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள்.

"எங்க பாடியில நாலஞ்சு பேருக்கு ரத்தத்துல அரிவாள் செல் இருக்குன்னாங்க. பார்த்தா நல்லாத்தானே இருக்காங்க, இவங்களும் மாற்றுத்திறனாளியா?"

இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் மரபணுக் கோளாறு இது. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952-இல். முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால், அவர் அதைச் சுமப்பவர். பொதுவாக நோய் இராது, சான்றிதழும் கிடையாது. இருவரிடமிருந்தும் வந்தால் நோய். சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கான வாய்ப்பு உண்டு. மணப்பேச்சுக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கத்தின் கீழ்ப் பழங்குடிப் பகுதிகளில் இந்தப் பரிசோதனை இலவசம்.

நோயுள்ள பிள்ளைக்குக் குளிர், தண்ணீர் குறைவு, கடும் ஓட்டம், காய்ச்சல் ஆகியவை எலும்பைப் பிளக்கும் வலியைக் கொண்டுவரும். ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியது: தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் தடுக்காதீர்கள், காலைப் பனியில் மைதானத்தில் நிறுத்தாதீர்கள், வலி என்று சொன்னால் சாக்கு என்று எண்ணாதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை. தகுந்த சதவீதம் வந்தால் உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கு இவர்களும் உரியவர்கள். அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டில் இரத்தக் கோளாறுகள் சேர்க்கப்படவில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

"பத்தாவது எழுதப் போறான். வாயால நல்லா சொல்றான், எழுதினா எழுத்தெல்லாம் தலைகீழ். ஏதாவது சலுகை இருக்கா?"

கற்றல் குறைபாடாக இருக்கலாம். பொதுத்தேர்வில் குறைபாட்டுக்கு ஏற்பச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், ஒரு மொழிப் பாட விலக்கு ஆகியவற்றைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். மருத்துவச் சான்று வேண்டும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வருபவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. கற்றல் குறைபாட்டுச் சான்று 8 வயது முதல் கிடைக்கும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு.

"மாசம் ரெண்டாயிரம்ங்கிறாங்க, சிலர் ஆயிரத்து ஐந்நூறுங்கிறாங்க. எது உண்மை?"

இரண்டும் உண்மை, இரண்டு துறைகள். அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, கடுமையான பாதிப்பு முதலியவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.2,000. வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியம் ரூ.1,500. ஒருவர் ஒன்றைத்தான் பெறலாம். முதலாவதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், மற்றதற்கு வட்டாட்சியர் அலுவலகத்திலும் விண்ணப்பியுங்கள்.

"மகளுக்குப் பதினெட்டு முடிஞ்சுது. பேங்க்ல கார்டியன் பேப்பர் கேக்குறாங்க. பெத்த தாய் நான்தானே?"

18 வயதுக்குப் பிறகு தாயும் தந்தையும் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். அதே நான்கு நிலைகளுக்கு, ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடும் உண்டு. காது கேளாதவருக்கோ நடக்க முடியாதவருக்கோ பாதுகாவலர் வேண்டியதில்லை. அவர் கையெழுத்தோ கைநாட்டோ செல்லும்.

"கொழுந்து பறிக்கப் போகும்போது வீட்டுல வெச்சுப் பூட்டிட்டுத்தான் போறேன். வேற வழி இல்லை. தப்பா?"

இதைக் கேட்கும் தாய்மாரிடம் குற்றம் காண மாட்டேன். ஆனால் பூட்டிய வீட்டில் அடுப்பு இருக்கிறது, வலிப்பு வந்தால் பார்க்க ஆள் இல்லை. வயது வந்த பெண் பிள்ளை என்றால் பூட்டு காப்பு ஆகாது, தனியாக இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லும் அடையாளமாகிவிடும். பெரிய தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. ஆறு வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தையையும் அங்கே விடலாம். பெரிய பிள்ளைகளுக்கு, ஒரே லைனில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டு, பணி ஓய்வு பெற்ற ஒரு பாட்டிக்கு உதவித்தொகையில் ஒரு பங்கைக் கொடுத்துப் பார்க்கச் சொன்ன ஏற்பாடு நன்றாக நடந்ததைக் கண்டிருக்கிறேன். அதற்கும் வாய்ப்பில்லை என்றால் வள மையத்தின் பகல்நேர மையத்தில் இடம் கேளுங்கள். அதுவரை, பூட்டின் இன்னொரு சாவியைப் பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒரு பெண்ணிடம் கொடுத்து, பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.